சுங்குடி கட்டிய மண் பிள்ளை

என் மனைவி வீரலட்சுமியைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று கேட்டால், இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

நான் வேலுமணி. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் தனியார் பஸ்களுக்கு டைம்கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று நோட்டில் குறிப்பதும், பிந்தி வந்த டிரைவர் சொல்லும் காரணத்தை நம்பாமல் இருப்பதும்தான் என் உத்தியோகம். பஞ்சர் என்பான், டயரைப் போய்ப் பார்ப்பேன். ரயில்வே கேட் போட்டுவிட்டார்கள் என்பான். அந்த நேரத்தில் என்ன ரயில் என்று கேட்பேன். வருசக்கணக்காக இதையே செய்தவனுக்கு வீட்டுக்கு வந்ததும் மட்டும் புத்தி மாறிவிடுமா?

வீரலட்சுமி டவுனிலேயே பிறந்து வளர்ந்தவள். அவளுடைய அப்பா ரயில்வேயில் இருந்தார், காலனி வாழ்க்கை. 1987-இல் எங்களுக்குக் கல்யாணம். அந்த வருச மாசித் திருவிழாவில், கோட்டை மாரியம்மன் கோயில் பக்கம் போட்டிருந்த கடைகளில் என்ன வேண்டும் என்று கேட்டேன். வளையல் கேட்பாள் என்று பார்த்தால், கண்ணை மூடித் திறக்கிற பிளாஸ்டிக் பொம்மை ஒன்றைக் காட்டினாள். "சின்னப் பிள்ளையா நீ?" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கடைக்காரன் பொட்டலம் கட்டும்வரை பொம்மையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மகள் சத்யபிரியா பிறந்தாள், வளர்ந்தாள். பொம்மைகளும் கூடவே பெருகின. தஞ்சாவூர் தலையாட்டி, காகிதக்கூழ் போலீஸ்காரர், பழனியிலிருந்து மரப்பொம்மை, அடுத்த வீட்டு செபாஸ்தியம்மாள் கிறிஸ்துமஸ் குடிலில் வைத்துக் கை ஒடிந்துபோன இடையர் ஒருவர். எல்லோருக்கும் சின்னாளபட்டிச் சுங்குடித் துணியில் பாவாடை, சட்டை, தலைப்பாகை. எல்லோருக்கும் பேர். நூற்று நாற்பதோ என்னவோ இருந்தன. என்னவோ என்கிறேன், ஏனென்றால் நான் எண்ணியதில்லை. நின்று பார்த்ததும் இல்லை. பொம்மை அலமாரி என்றால் துணி எடுக்கப் போகும் வழியில் இடிக்கிற சாமான், அம்புட்டுத்தான்.

2006-இல் சத்யபிரியா மதுரையில் காலேஜ் சேர்ந்தபோது வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் மதியழகன்தான் கொண்டுவந்து மாட்டிக் கொடுத்தான். லீவுக்கு வந்த மகள் அம்மாவுக்கு ஒரு வலைப்பூ ஆரம்பித்துக் கொடுத்தாள். 'அலமாரிப் பிள்ளைகள்' என்று பேர். வாரத்துக்கு ஒரு பொம்மையின் படம், அது வந்த கதை, நடுவில் எங்கள் வீட்டுச் சங்கதி. 'இன்று கத்திரிக்காய் வெஞ்சனம். வீட்டுக்காரர் பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பர். வீட்டில் உப்புக்கீப்பர்' என்று என்னையும் ஒரு பிடி பிடிப்பாள். படிக்கிறவர்கள் கீழே பின்னூட்டம் எழுதுவார்கள். துபாயிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் யார் யாரோ அக்கா, அக்கா என்று உருகுவார்கள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? அவள் குளிக்கப் போனதும் உட்கார்ந்து படிப்பேன். படம் திறக்க அந்தக் கால இணையத்தில் ஒரு யுகம் பிடிக்கும். எனக்கு எதற்குப் படம்? நேராகக் கீழே பின்னூட்டத்துக்குப் போய்விடுவேன்.

அடுத்த ஆவணியில் குஜிலியம்பாறைப் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு அவள் மட்டும் போய்வந்தாள். திரும்பி வரும்போது பையில் ஒரு மண் பொம்மை இருந்தது. ரோட்டோர வாய்க்காலில் குப்புறக் கிடந்ததாம், பாவமாக இருந்ததாம். "கெடக்குறதையெல்லாம் பொறுக்கிட்டு வா" என்று பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே சொன்னேன். அடுத்த பதிவு அந்தப் பொம்மையைப் பற்றித்தான். அதற்குக் கீழேதான் அந்த அனானி வந்தான். பேர் போடாமல் எழுதுகிறவனுக்கு அந்த உலகத்தில் அப்படித்தான் பேர்.

'அக்கா, இந்தப் பொம்மை எந்த ஊர்ப் பக்கம் கிடைத்தது?'

இவள் ஊரைச் சொன்னாள். அடுத்த ஞாயிறு மறுபடியும் வந்தான். 'பத்திரமாக இருக்கிறதா அக்கா?' அதற்கடுத்த ஞாயிறு: 'கீழே விழாத இடம்தானே?' நூற்று நாற்பது பொம்மை இருக்க, ஒரு மண் பொம்மையைப் பற்றி மட்டும் வாராவாரம் ஒருவன் விசாரிப்பானா? என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறிக்க ஆரம்பித்தேன். ஞாயிறு 2.10. ஞாயிறு 2.25. ஞாயிறு 1.50. எந்த வண்டியும் இவ்வளவு ஒழுங்காக வந்து நான் பார்த்ததில்லை.

ஞாயிறு மதியம் யாருக்கு ஓய்வு? மதியழகனின் சென்டர் ஞாயிறு மதியம் அடைப்பு. அவனுக்குச் சொந்த ஊர் குஜிலியம்பாறை. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர் மாட்டினவன், அலமாரியைப் பார்த்து "சூப்பரா இருக்குக்கா" என்றவன். எனக்குப் போதாதா? நேரே போய் அவன் சென்டரில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"என்னண்ணே, மெயில் பாக்கணுமா?" என்றான்.

"ஞாயித்துக்கெழமை மத்தியானம் என்னடா செய்யிற?"

"தூங்குவேண்ணே. ஏன்?"

"சும்மா கேட்டேன்."

கால் மணி நேரம் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து வந்தேன். பாவம், பயந்துபோய் டீ வாங்கிக் கொடுத்தான். பயப்படுகிறான் என்றால் ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. புத்தி கெட்டுப் போனால் டீகூடச் சாட்சிக்கு வந்துவிடும்.

தையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அனானி எழுதியதைப் படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. 'உங்கள் வீட்டில் இருக்கிறது என்று நினைத்தால்தான் எனக்குத் தூக்கமே வருகிறது அக்கா.' அதற்கு இவள் பதில்: 'கவலைப்படாதீங்க தம்பி. நான் படுக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.'

அடியே! இந்த வீட்டில் நான் ஒருத்தன் எதற்கு இருக்கிறேன்?

வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். "யாரு புள்ள அது?" என்று ஒரு வார்த்தை. கேட்கவில்லை. கேட்டால் காரணம் சொல்வாள். காரணம் சொல்கிறவர்களை நம்பித்தான் எனக்குப் பழக்கம் இல்லையே. அடுத்த ஞாயிறு காலை அவள் நாலு நாள் மகளைப் பார்க்க மதுரை போனாள். அன்று சாயங்காலமே கம்ப்யூட்டரைத் திறந்தேன். அவள் பேரிலேயே அது திறந்தது. இரண்டு விரலால் தட்டித் தட்டி, அவள் எழுதுவதுபோல எழுதினேன்.

'அந்தப் பொம்மை உடைந்துவிட்டது. குப்பையில் போட்டாயிற்று. இனி இதைக் கேட்டு இங்கே வராதே.'

அனானி வாயடைத்துப் போனான். மறுநாளும் பதில் இல்லை, அதற்கு மறுநாளும் இல்லை. அந்த மூன்று நாளும் நான் நன்றாகச் சாப்பிட்டேன்.

நாலாம் நாள் காலை, வீரலட்சுமி மதுரையிலிருந்து வந்து வீட்டுக்குப் போய்விட்டதாகப் போன் செய்த கொஞ்ச நேரத்தில், குஜிலியம்பாறை வண்டியிலிருந்து ஓர் அம்மா இறங்கினார். அறுபது வயசுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். கையில் அரிசி புடைக்கிற சொளகு, அதன் மேல் மடித்த வெள்ளைத் துணி. கண்டக்டர் என் மேஜையைக் காட்டினான்.

"பொம்மை வச்சிருக்கிற வீரலட்சுமியம்மா வீட்டுக்காரு நீங்கதானாய்யா?"

"ஆமா. நீங்க யாரு?"

"எம்பேரு சிவனம்மா. உடஞ்சு போனதைக் குடுத்துருங்கய்யா. ஒரு துண்டு விடாம வேணும். குப்பையில கெடந்தாலும் நானே பொறுக்கிக்கிறேன்."

"உடஞ்சதுன்னா?"

"எம்புள்ள மதலைய்யா அது" என்று சொன்னவர் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

மதலை. நான் வடமதுரைக்காரன். அந்த வார்த்தை தெரியாதவனா? பிள்ளை வேண்டுமென்று அய்யனாரிடம் நேர்ந்துகொண்டு, பிறந்ததும் அந்தப் பிள்ளையாக ஒரு மண் உருவத்தைச் சுமந்துபோய்க் கோயில் காட்டில் வைப்பார்கள். வைத்ததை யாரும் எடுக்கக் கூடாது, உடைக்கக் கூடாது; உடைந்தால் அந்தப் பிள்ளையின் உயிருக்கு ஆகாது என்பார்கள். மழையிலும் வெயிலிலும் கிடந்து அதுவாக மண்ணோடு போக வேண்டும். எனக்கும் என் அம்மா வைத்தாள். காலனியில் வளர்ந்த வீரலட்சுமிக்கு இது தெரிய வழியில்லை. நான் அந்தப் பொம்மையை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால் போதும், வந்த அன்றைக்கே சொல்லியிருப்பேன். ஆறு மாசம் பின்னூட்டத்தை மணிக்கணக்குப் போட்டுக் குறித்தவன், பொம்மையைப் பார்க்கவில்லை.

ஆட்டோவில் வரும்போது அந்த அம்மா சொன்னார். அவருக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருசம் கழித்துப் பிறந்தவன் மதன்குமார். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் உயரத்தில் ஏறி வேலை. போன ஐப்பசியில் கோயிலுக்குப் போனவர், வரிசையில் மகனுடைய மதலையைக் காணாமல் பித்துப் பிடித்ததுபோல் ஆகிவிட்டார். வெள்ளம் உருட்டிக்கொண்டு போயிருக்கிறது. மகனோ அதை ஏற்கெனவே கம்ப்யூட்டரில் பார்த்திருந்தான். இவள் போட்ட படத்தில், முதுகில் குயவர் கீறிய தன் பேரோடு.

"திண்டுக்கல்லுல ஒரு அக்கா வீட்ல சட்டை போட்டுப் பத்திரமா இருக்கும்மான்னான். வாரா வாரம் கேட்டுச் சொல்லுவான். அதைக் கேட்டாத்தான்யா எனக்குச் சோறு எறங்கும்."

"வெவரத்தை எழுதியிருக்கலாம்லம்மா?"

"கோயில் சாமான்னு தெரிஞ்சா பயந்துபோயி வெளியில தூக்கிப் போட்ருவாகன்னு சொல்லல. பங்குனிக்கு லீவுல வந்து நேருல வாங்கிக்கிருவோம்னான். இப்ப உடஞ்சிருச்சுன்ன ஒடனே, மேல ஏறாதடா, சத்தியம் பண்ணுன்னு சொல்லிட்டேன். மூணு நாளா வேலைக்குப் போகாம ரூம்ல கெடக்கான். வேலையே போயிரும்ங்கிறான். போனாப் போகுது, உசுரு இருந்தாப் போதும்."

உடையவில்லை என்று சொன்னால் யார் எழுதியது என்றும் சொல்ல வேண்டும்; ஆட்டோக்காரனை வேகமாகப் போகச் சொன்னேன்.

வீரலட்சுமி கதவைத் திறந்தாள். அந்த அம்மா சொளகை நீட்டினார். விசயம் புரிந்ததும் இவள் உள்ளே ஓடி, கட்டில் தலைமாட்டிலிருந்து அந்த மண் பிள்ளையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள். முழுசாக இருந்தது. பச்சைச் சுங்குடியில் சட்டை. சிவனம்மாள் சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தார், பேரைத் தடவினார், விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு அதை மார்போடு வைத்துக்கொண்டு அழுதார் பாருங்கள், அந்த அழுகையைக் கேட்டு செபாஸ்தியம்மாள் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தார்.

வீரலட்சுமியின் போனிலிருந்து சிங்கப்பூருக்கு மிஸ்டு கால் கொடுத்தார்கள். உடனே கூப்பிட்டான். "முழுசா இருக்குடா அப்பு, முழுசா இருக்கு! நாளைக்கே வேலைக்குப் போடா!"

போனை வைத்ததும் வீரலட்சுமி கேட்டாள். "உடஞ்சு போச்சுன்னு யாரும்மா சொன்னது?"

"நீங்கதான எழுதுனீக."

வீரலட்சுமி கம்ப்யூட்டரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பஞ்சர், கேட், மழை என்று எத்தனை பேர் எத்தனை காரணம் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். எனக்கு ஒன்றுகூட வரவில்லை.

"அந்தம்மாவோட போங்க. நான் எடுத்ததுக்கு நீங்க கொண்டுபோய் வச்சிட்டு வாங்க."

குஜிலியம்பாறை வண்டியில் மதலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கண்டக்டர் கேலி பண்ண வாயெடுத்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு அடங்கிப் போனான். கோயில் காட்டில் வரிசையில் ஓர் இடம் காலியாக இருந்தது. அந்த அம்மா சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுப் பிள்ளையை அதன் இடத்தில் வைத்தார். எழுதியது யார் என்று அவருக்குத் தெரிந்துவிட்டிருந்தது.

"எடுத்தது தெரியாம எடுத்தது. அது தப்பில்லய்யா. உடஞ்சிருச்சுன்னு எழுதுறப்ப, ஒரு பெத்தவ காதுல விழும்னு தோணலையா?" என்றார்.

அந்தச் சின்னச் சட்டையை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். வேறென்ன செய்ய?

வீரலட்சுமி எல்லாவற்றையும் பதிவாக எழுதினாள். கடைசியில் ஒரு வரி: 'உடைந்தது என்று எழுதியது நான் இல்லை. யார் என்று எனக்குத் தெரியும்.' என் பேரைப் போடவில்லை. மதன்குமார் முதல்முறையாகப் பேர் போட்டு, வேலைக்குப் போய்விட்டதாகப் பின்னூட்டம் எழுதியிருந்தான். நானும் என் பேரிலேயே எழுதினேன். 'எழுதியது நான். உன்னைச் சந்தேகப்பட்டு எழுதினேன். மன்னித்துவிடு. வேலுமணி, டைம்கீப்பர், திண்டுக்கல்.' பொத்தானை அமுக்கியதும், பதிவரின் ஒப்புதலுக்குப் பிறகே வெளியாகும் என்று வந்தது. அந்த ஏற்பாடு முன்பு கிடையாது. எனக்காகத்தான் போட்டிருக்கிறாள்.

சோறு போடுகிறாள், காய் வாங்கிவரச் சொல்கிறாள், மகளிடம் பேசிவிட்டுப் போனை என்னிடம் நீட்டுகிறாள். நேற்று அலமாரிக்கு முன்னால் நின்று எண்ணினேன். நூற்று முப்பத்தேழு. கை ஒடிந்த இடையருக்கு அந்தப் பச்சைச் சட்டையைப் போட்டுவிட்டிருக்கிறாள். பின்னால் வந்து நின்றாள்.

"என்ன பாக்குறீக?"

"பொம்மையைத்தான்."

"இப்பத்தான் கண்ணு தெரிஞ்சுச்சாக்கும்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

எழுதி இன்றோடு பதினோரு நாள். வேலைக்குக் கிளம்பும் முன் தினமும் திறந்து பார்க்கிறேன். என் பின்னூட்டம் இன்னும் வெளியாகவில்லை.