‘இல்லீங்க’ சொல்லக் கற்றுக்கொண்ட மேனேஜர்

அமாவாசைக் காலைகளில் எங்கள் மையத்தின் கேட்டுக்கு வெளியே காலி பாட்டில்கள் வரிசையாக நிற்கும். ரேஷன் கடையில் பையை வைத்து இடம் பிடிப்பதுபோல ஆட்கள் பாட்டிலை வரிசையில் விட்டுவிட்டு எதிரே டீக்கடைக்குப் போயிருப்பார்கள். குளிர்பான பாட்டில், நல்லெண்ணெய் பாட்டில், பித்தளைச் சொம்பு, எப்போதாவது ஓர் எவர்சில்வர் குடம். வண்டியை நிறுத்தும்போதே எனக்கு வயிறு எரியும். நான் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் உள்ளேயிருந்து மேனேஜர் வந்துவிடுவார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கும்பிட்ட கை. டீக்கடையைப் பார்த்து, “வாங்க வாங்க, அங்கெதுக்குங்க நிக்கறீங்க, உள்ள வந்து காப்பி குடிங்க” என்று கூப்பிடுவார். வந்தவர்கள் கல்யாணத்துக்கு வந்தவர்களல்ல. எங்கள் மீன்களுக்காக வைத்திருந்த கடல் தண்ணீரை வாங்கிக்கொண்டு போக வந்தவர்கள்.

கோயமுத்தூரில் கடல் அறிவியல் கல்வி மையம் என்றால் கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். நானும் வேலைக்குச் சேரும்போது சிரித்தவள்தான். ஒரு மில் குடும்பத்தின் அறக்கட்டளை, மதுக்கரைக்கு அந்தப் பக்கம் சும்மா கிடந்த பஞ்சு கோடவுனைச் சுத்தம் செய்து கண்ணாடித் தொட்டிகளை வைத்திருந்தது. வெளியே சிமெண்டுத் தூசி, உள்ளே கோமாளி மீன். கடல், கேரளக் கரையிலிருந்து டேங்கர் லாரியில் வாளையாறு வழியாக வரும். பின்கட்டில் இருந்த பெரிய தொட்டியில் அதை நிரப்பி வைத்து, மற்ற தொட்டிகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுவோம். அடுத்த லாரி வரும்வரை அந்தச் சேமிப்புத் தண்ணீர்தான் அத்தனை உயிருக்கும் ஆதாரம். கடல்சார் உயிரியல் படித்துவிட்டு ஊர் திரும்பியிருந்த எனக்குப் பொதுமக்களுக்கான நிகழ்ச்சிகளைக் கவனிக்கும் வேலை. சனி ஞாயிறுகளில் சுற்றிக் காட்டுவது, பள்ளிப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுப்பது, எல்லாவற்றுக்கும் மேலாகத் தொடு தொட்டி.

தொடு தொட்டி என்றால் இடுப்பளவு உயரத்தில் திறந்த தொட்டி. நட்சத்திர மீன், கடல் முள்ளெலி, சங்கு, ஓட்டுக்குள் வாழும் நண்டு எல்லாம் அதில் இருக்கும். கையைக் கழுவிக்கொண்டு இரண்டு விரலால் மெல்லத் தொடலாம், தண்ணீரைவிட்டு வெளியே தூக்கக் கூடாது. சொல்வதற்குச் சின்ன விதிதான். ஆனால் எங்கள் ஊர்க்காரர்கள் உயிருள்ள சங்கைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிடுவார்கள். தொட்ட விரலைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். உப்புத் தண்ணீர் கண்ணில் பட்டு எரிய, கண்ணீரோடு நிற்பவர்களுக்கு நான் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட வேண்டும். கழுவிக்கொண்டே, “ஏனுங்க அம்மணி, இதக் கொழம்பு வெக்கலாமுங்களா?” என்றும் கேட்பார்கள். எரிச்சலாக வரும். ஆனாலும் நட்சத்திர மீனின் முதுகில் விரல் பட்ட கணத்தில் ஒரு பெரியவரின் முகம் சட்டென்று பிள்ளை முகமாக மாறுவதைப் பார்த்திருக்கிறேன். அதற்காகத்தான் அந்த வேலையில் இருந்தேன்.

மேனேஜர் மில்லில் நிர்வாகம் பார்த்து ஓய்வுபெற்றவர். முதலாளி குடும்பத்துக்கு நம்பிக்கையானவர். கடலைப்பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் இல்லை. தொட்டியில் இருந்தது எதுவானாலும் அவருக்கு மீனுதான். நண்டும் மீனு, சங்கும் மீனு. அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, வந்தவர்களைக் கவனிப்பது. இருபது பேருக்கு மேல் ஒரு குழுவில் வேண்டாம் என்று நான் சொன்னால் “சரீங்க அம்மணி” என்பார். ஆனைமலையில் மாசாணியம்மனைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பும் ஒரு வேன் கூட்டம் பதிவில்லாமல் வந்து நின்றால், “பாவமுங்க, அத்தனை தூரம் சுத்தி வந்திருக்கறாங்க” என்று கதவைத் திறந்துவிடுவார். நான் முறைப்பேன். அவர் எனக்கும் ஒரு காப்பி அனுப்பி வைப்பார்.

பாட்டில் விவகாரம் ஒரு ஜவுளிக்கடைக்காரரிடமிருந்து ஆரம்பித்தது. குடும்பத்தோடு சுற்றிப் பார்க்க வந்தவர், கடையில் வியாபாரம் மந்தமாக இருக்கிறது, யாரோ கண்ணு வைத்துவிட்டார்கள், கடல் தண்ணீர் தெளித்தால் திருஷ்டி கழியும், ஒரு பாட்டில் கிடைக்குமா என்று கேட்டார். மேனேஜர் தானே போய்ப் பிடித்துக் கொடுத்தார். அடுத்த அமாவாசைக்கு அவருடைய பக்கத்துக் கடைக்காரர்கள் வந்தார்கள். அதற்கடுத்த அமாவாசைக்கு வரிசை கேட்டைத் தாண்டியது. ராமேஸ்வரம் போகாமல் கோயமுத்தூரிலேயே நிஜக் கடல் தண்ணீர் கிடைத்தால் யார்தான் விடுவார்கள். ‘தண்ணீர் வழங்கப்படாது’ என்று பலகை எழுதி மாட்டினேன். வந்தவர்கள் அந்தப் பலகையின் ஆணியில் பையை மாட்டிவிட்டு நின்றார்கள். மேனேஜரிடம் சண்டை போட்டேன். “ஊடு தேடி வந்து கேக்கறவங்களுக்கு இல்லீங்கன்னு எப்புடிங்க சொல்றது? தண்ணி தானுங்களே” என்றார். அது தண்ணீர் மட்டுமல்ல என்பதை எத்தனை விதமாகச் சொல்லியும் அவருக்கு ஏறவில்லை.

ஏறிய நாளும் வந்தது. ஓர் அமாவாசை நாளில், நான் வேறொரு குழுவுக்குச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தபோது, யாரோ புண்ணியவான் கோயில் குளத்தில் போடுவதுபோலத் தொடு தொட்டியில் பொரியைக் கொட்டியிருக்கிறார். ஒரு பை முழுக்க. கூட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை. மறுநாள் காலையில் தண்ணீர் கலங்கி வாடை அடித்தது. உடனே மாற்றியாக வேண்டும். பின்கட்டுக்கு ஓடிப்போய்ச் சேமிப்புத் தொட்டியைத் திறந்தால் அடி தெரிந்தது. எல்லாம் பாட்டிலில் போயிருந்தது. லாரி வர இன்னும் நாள் இருந்தது. நட்சத்திர மீன்கள் விறைப்பு விட்டுத் துவண்டன. நல்ல நிலையில் இழுத்தாலும் வராமல் கல்லைக் கவ்விக்கொண்டிருக்கும் கைகள், தொட்டாலே விலகிப்போகும் ஈரத் துணிபோல ஆகிவிட்டன. மேனேஜர் வந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “நாந்தானுங்க கொன்னுபோட்டேன்” என்றார். நான் ஆறுதல் சொல்லவில்லை. சொல்லும் மனநிலையிலும் இல்லை.

அன்றைக்கே உட்கார்ந்து விதிகள் போட்டோம். பதிவு இல்லாமல் யாருக்கும் அனுமதி இல்லை. தண்ணீர் யாருக்கும் கிடையாது. மூன்று மணிக்கு விளக்கை அணைத்துவிட வேண்டும், பகலெல்லாம் தொடப்பட்ட உயிர்களுக்கு ஓய்வு வேண்டும், அதன்பின் யார் வந்தாலும் உள்ளே விடக் கூடாது. ‘யார் வந்தாலும்’ என்பதை நான் அழுத்திச் சொன்னேன். பிறகு அவருக்கு இல்லை என்று சொல்லப் பழக்கினேன். வேடிக்கைக்குச் சொல்லவில்லை, உண்மையிலேயே பழக்கினேன். நான் பாட்டிலோடு வந்த ஆள்போல எதிரில் நிற்பேன். அவர் “பார்க்கலாமுங்க” என்பார். தப்பு என்பேன். “அதுக்கென்னங்க, அப்பறம் வாங்க” என்பார். அதுவும் தப்பு, அப்புறம் வந்துவிடுவார்கள் என்பேன். கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு, “இல்லீங்க” என்றார். சொன்னதும் அவருக்கு வியர்த்துவிட்டது.

ஆனால் சொன்னால் சொன்னபடி நிற்கிற மனிதர் அவர். அடுத்த அமாவாசைக்கு வந்த வரிசை வெறுங்கையோடு திரும்பியது. அவருடைய சொந்தச் சம்பந்தியே புது வீட்டுக்குத் தெளிக்க ஒரு சொம்பு கேட்டு வந்தபோதும் இல்லீங்க என்றார். சம்பந்தி காப்பியைக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார், கிரகப்பிரவேசத்துக்கு இவரைச் சரியாக அழைக்கவும் இல்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். என்னிடம் அவர் அதைப்பற்றி மூச்சுவிடவில்லை. எனக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது. ஒருவழியாக இந்த இடம் உருப்படப் போகிறது என்று நினைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் நான் நெடுநாளாக முயன்ற காரியம் கைகூடியது. ஆனைமலைக்கு அப்பால், மலையடிவாரத்தில் ஓர் அரசுப் பள்ளி. ஒருமுறை பேசப் போனபோது, அலை என்றால் என்ன என்று அங்கே ஒரு சிறுமி கேட்டாள். படத்தைக் காட்டினேன். “இது நின்னுட்டே இருக்குமுங்களா?” என்றாள். அந்தப் பிள்ளைகளைக் கொண்டுவந்து தொடு தொட்டிமுன் நிறுத்த வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன். எங்கள் மையம் யாருக்காவது உண்மையில் தேவையென்றால் அது அவர்களுக்குத்தான். பேருந்துக்குப் பணம் தர ஆள் பிடித்து, அனுமதி வாங்கி, அந்தப் பள்ளி டீச்சரும் நானும் மாதக்கணக்கில் அலைந்தோம். புது நட்சத்திர மீன்கள் வந்து பழகிவிட்டன. ஒரு சனிக்கிழமை பத்து மணிக்கு வருவதாக ஏற்பாடு.

பத்து மணிக்கு வரவில்லை. பதினொன்றுக்கும் வரவில்லை. மதியம் டீச்சர் கூப்பிட்டார். கிணத்துக்கடவில் பேருந்து நின்றுவிட்டது, மெக்கானிக் வந்திருக்கிறார், எப்படியும் வந்துவிடுவோம் என்றார். அதே நேரத்தில் எங்கள் டேங்கரை வாளையாறு செக்போஸ்டில் நிறுத்திவிட்டார்கள். கடல் தண்ணீரை யார் கோயமுத்தூருக்குக் கொண்டு போவார்கள் என்று அவர்களுக்குச் சந்தேகம். காகிதங்களை எடுத்துக்கொண்டு நான்தான் போக வேண்டியிருந்தது. பிள்ளைகள் வந்துகொண்டிருக்கிறார்கள் என்று மேனேஜரிடம் சொன்னேன். வேறு எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. மலையிலிருந்து வரும் பிள்ளைகளை, அதுவும் இந்த மனிதர், திருப்பி அனுப்புவாரா? அவருடைய இளகிய மனசை வாழ்க்கையில் முதல்முறையாக நம்பி வண்டியை எடுத்தேன். செக்போஸ்டில் பேசிப் பேசி, போனில் சார்ஜும் தீர்ந்துபோனது.

நான் திரும்பியபோது முற்றத்து வேப்பமரத்தடியில் காலி டம்ளர்கள் அடுக்கியிருந்தன. மேனேஜர் எழுந்து வந்தார். முகம் வாடியிருந்தாலும் நிமிர்ந்து நின்றார். “மூணு மணி தாண்டித்தானுங்க வந்தாங்க. வெளக்க அணைச்சாச்சு. உங்குளுக்குப் போன் போட்டேன், கெடைக்குல. அந்த டீச்சரம்மா எவ்வளவோ கேட்டுது. அம்மணி ரூல் போட்டிருக்கறாங்க, யாரு வந்தாலும் இல்லீங்கன்னு சொல்லிபோட்டேன்” என்றார். பிறகு அவர் குரலைத் தாழ்த்தி, “ஆனா வெறுங்கையோட அனுப்ப மனசு வர்லீங்க. மோரு குடுத்தேன், பிஸ்கெட் குடுத்தேன். ஆளுக்கொரு சின்னப் பாட்டில்ல தண்ணி புடிச்சுக் குடுத்தனுங்க. அது ஒண்ணுக்கு மட்டும் என்னைய மன்னிச்சுக்கோங்க” என்றார்.

அன்று நான் கத்தியது எதிரே டீக்கடைவரை கேட்டிருக்கும். விதி எதற்கு, யாருக்கு என்று புரியாமல் விதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கத்தினேன். ஆரம்பத்தில் பாட்டிலோடு வந்த அத்தனை பேருக்கும் அள்ளிக் கொடுத்துவிட்டு, இல்லை என்ற சொல்லை இந்தப் பிள்ளைகளுக்கென்றா சேர்த்து வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். அவர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். எங்கே தப்பு நடந்தது என்று அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. நான் சொன்னதைச் சொன்னபடி செய்தவரை நான் ஏன் திட்டுகிறேன் என்ற குழப்பம்தான் அவர் முகத்தில் இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கோபம் கூடியதே தவிரக் குறையவில்லை.

திங்கட்கிழமை டீச்சர் போன் செய்தார். கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை, அதுதான் இன்னும் சுட்டது. “பரவால்லீங்க மேடம், பெரியவரு நல்லாத்தான் கவனிச்சாரு. பஸ்ஸுலயே எல்லாரும் அந்தத் தண்ணிய நக்கிப் பாத்துட்டாங்க. உப்புன்னு ஒரே சிரிப்பு. இப்ப மிச்சத்த என்ன பண்ணோணும்னு கேக்கறாங்க. நான் என்னங்க சொல்லட்டும்?” என்றார். மறுபடி கூட்டி வாருங்கள் என்றேன். அவர்களுக்கு வருடத்துக்கு ஒரு பயணம்தான், அது முடிந்துவிட்டது என்றார். அடுத்த வருடத்துக்குள் அறக்கட்டளைக்குக் கல்வியில் ஆர்வம் போய்விட்டது. அந்த இடத்தைக் குத்தகைக்கு விட்டார்கள். இப்போது அங்கே கண்ணாடிச் சுரங்கப் பாதை இருக்கிறது, கடல்கன்னி வேடம் போட்ட பெண் நீந்துகிறாள், செல்ஃபி எடுக்கத் தனி மேடை இருக்கிறது. தொடு தொட்டி இல்லை. நான் ஒரு பள்ளியில் உயிரியல் நடத்துகிறேன், படம் போட்டு.

சென்ற மாதம் பேரூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்தில் மேனேஜரைப் பார்த்தேன். அவர் வீட்டுக் கல்யாணம் இல்லை, இருந்தாலும் வாசலில் நின்று எல்லாரையும் வரவேற்றுக்கொண்டிருந்தார். நன்றாகத் தளர்ந்துவிட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டு ஊர்க்கதையெல்லாம் கேட்டார். பிறகு ஓரமாக அழைத்துப்போய், “அம்மணி, அன்னிக்கு அந்த மலைப் புள்ளைங்கள அனுப்பிபோட்டனே, நெனப்பிருக்குதுங்களா? எனக்கு ரெண்டு நாள் சோறு எறங்குலீங்க. ஆனாலும் உங்க பேச்சத் தட்டுலீங்க. நாஞ் செஞ்சது சரிதானுங்களே?” என்றார்.

இத்தனை வருடமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பதில் என்னிடம் இருந்தது. அலை என்றால் என்ன என்று கேட்ட அந்தச் சிறுமியைப்பற்றிச் சொல்லியிருக்கலாம். இல்லீங்க என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரியாத்தானுங்க செஞ்சீங்க” என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. சாப்பிடாமல் போகக் கூடாது என்று சொல்லி, தானே பந்திக்கு அழைத்துப்போய் உட்கார வைத்தார். பசியில்லை என்று நான் சொன்னது அவர் காதில் விழவில்லை. பின்னால் நின்றுகொண்டு, பரிமாறுகிறவர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு என் இலையில் வைக்கச் சொன்னார். அந்தப் பிள்ளைகளை நினைத்துக்கொண்டு, வைத்ததையெல்லாம் தின்றேன்.