ஞாயிற்றுக்கிழமைக்கும் எழுதிவைத்த பிரஷர்

பாய்லர்காரர் என்று கேட்டால்தான் அந்தக் குடியிருப்பில் வழி காட்டுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் பென்ஷன் புத்தகத்துக்குள் பத்திரமாக இருந்தது. துணி ஆலையின் பாய்லர் அறையில் முப்பத்துநான்கு வருடம் வெந்தவர். வயது எழுபத்திரண்டு. சிகரெட்டை விட்டுப் பதினோரு வருடம், உப்பைக் குறைத்து ஆறு வருடம், காலையில் மொட்டை மாடியில் நாற்பது சுற்று. தன் உடம்பு தன் பேச்சைக் கேட்கும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமை அடித்துக்கொள்வார். இருபது நாளாக அது கேட்கவில்லை என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

நிலைமை சரியில்லாத காலம் அது. இன்று திறந்த கடை நாளைக்குத் திறக்குமா என்று கடைக்காரருக்கே தெரியாது. மின்சாரம் வந்தால் வந்தது, போனால் போனது. லிஃப்ட் பாதி நாள் பிணமாகக் கிடந்தது. மாதாமாதம் முப்பது பிரஷர் மாத்திரை கொடுக்கும் மருந்துக் கடைக்காரர் இந்த முறை இருபதைத்தான் எண்ணிக் கொடுத்தார். அடுத்த சரக்கு எப்போது வரும் என்று கேட்டதற்குக் கையை விரித்தார்.

பாய்லர்காரர் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். மனைவிக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. மூன்றாம் மாடியிலிருந்து தனியாக இறங்க முடியாது. ஒரே மகள் கடல் தாண்டி இருக்கிறாள். மருந்து தீர்ந்து தானும் விழுந்துவிட்டால், இவளுக்கு ஒரு குடம் தண்ணீர் கொண்டுவர யார் இருக்கிறார்கள்?

பாய்லர் அறையில் ஒரு சட்டம் உண்டு. உலகமே தலைகீழானாலும் இரண்டு நாள் நிலக்கரியைத் தொடாமல் ஒதுக்கி வைக்க வேண்டும். மனிதர் அதே சட்டத்தைத் தன் உடம்புக்கும் போட்டார். ஒரு நாள் மாத்திரை, ஒரு நாள் வெறும் தண்ணீர். மிச்சம் பிடித்தவை பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் போயின. நிலக்கரி குறைந்தால் பாய்லர் ஆறும், ஆனால் மாத்திரை குறைந்தால் ரத்தம் கொதிக்கும் என்பதை அவர் மண்டை ஏனோ ஏற்கவில்லை.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. மகள் பிரஷர் பார்க்கும் கருவி ஒன்றை அனுப்பி, தினமும் மாலை ஆறு மணிக்குப் போன் போட்டுக் கணக்குக் கேட்பாள். முதல் வாரம் பார்த்து எழுதினார். நூற்று ஐம்பத்தெட்டு, நூற்று அறுபத்தாறு என்று ஏறியது. உள்ளதைச் சொன்னால் குட்டு உடைந்துவிடும் என்று மகளிடம் குறைத்தே சொன்னார். அடுத்த வாரத்திலிருந்து கருவியை உறையில் போட்டுவிட்டு, திங்கட்கிழமை காலையில் உட்கார்ந்து வாரம் முழுவதற்கும் நோட்டில் எழுதிவிடுவார். ஒரே எண்ணாக இருந்தால் சந்தேகம் வரும் என்று, நூற்று முப்பத்தாறு, முப்பத்திரண்டு, முப்பத்தெட்டு என மாற்றி மாற்றிப் போடுவார்.

இந்தக் கள்ளத்தனம் அவருக்குப் புதிதல்ல, அதைத் தானே செய்வதுதான் புதிது. பாய்லரின் பிரஷர் காட்டும் முள்ளை மணிக்கு ஒரு தரம் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். சோம்பேறிகள் ஷிஃப்ட் தொடங்கும்போதே எட்டு மணி நேரத்துக்கும் எழுதிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். அப்படி எழுதிய உயிர் நண்பனையே மேலதிகாரியிடம் மாட்டிவிட்டவர் இவர். நண்பனுக்குப் பத்து நாள் சஸ்பென்ஷன். அவன் இரண்டு வருடம் இவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

புதன்கிழமை மாலை மின்சாரம் இல்லை, மோட்டார் ஓடவில்லை. கீழ்த் தொட்டியில் இரண்டு கேன் பிடித்துக்கொண்டு ஏறினார். இரண்டாம் மாடித் திருப்பத்தில் படிகள் லேசாக ஆடின. பின்மண்டையில் யாரோ கட்டையால் தட்டுவது போலிருந்தது. கேன்களை வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்து உட்கார்ந்தார். இங்கேயே விழுந்தால் அவளால் இறங்கி வரக்கூட முடியாதே என்று நினைத்ததும், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மீதிப் படிகளையும் ஏறினார்.

கதவு திறந்திருந்தது. மகள் அன்றைக்குச் சீக்கிரமே கூப்பிட்டிருந்தாள். மனைவி ஒரு கையில் போனும் மறு கையில் நோட்டுமாக நின்றாள். புதனுக்குக் கீழே வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு எல்லாம் நிரம்பியிருந்த பக்கம்.

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு போனில், "அப்பா இன்னும் பார்க்கலம்மா. இப்பப் பார்ப்பார். நீ லைன்லயே இரு" என்றாள்.

படி ஏறிய மூச்சு அடங்கட்டும் என்று பத்து நிமிடம் உட்கார வைத்தாள். பிறகு கருவியை உறையிலிருந்து எடுத்துக் கையில் கட்டினாள். பட்டை கையை இறுக்கி, மெல்லத் தளர்ந்தது. தன் வாயால்தான் சொல்ல வேண்டும் என்பது போல் போனை அவர் பக்கம் நீட்டினாள்.

"நூத்தி தொண்ணூத்தெட்டு. கீழே நூத்திப் பதினாலு" என்றார். கூடவே கண்ணாடிக் கூட்டையும் எடுத்து மேசைமேல் வைத்தார். 

அடுத்தது டாக்டருக்குப் போன். பேச்சுக் குழறுகிறதா, நெஞ்சு வலிக்கிறதா, இரண்டு கையையும் சமமாகத் தூக்க முடிகிறதா என்று டாக்டர் கேட்டுக் கேட்டுப் பார்த்தார். இன்றைய மாத்திரையை இப்போதே போட வேண்டும், பயந்துகொண்டு இரண்டாகப் போடக் கூடாது, ஒரு மணி நேரத்தில் மறுபடி பார்க்க வேண்டும், துளி மாற்றம் தெரிந்தாலும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும், இல்லாவிட்டாலும் காலையில் வந்தே தீர வேண்டும் என்றார். கடைசியாக, அதே மருந்து வேறு கம்பெனிப் பெயரில் தாராளமாகக் கிடைக்கிறதே, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றார். பாய்லர்காரர் யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவர்.

அந்த ஒரு மணி நேரம் நகரவே இல்லை. மனைவி அவர் வாயையும் கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி பார்த்தபோது நூற்று எண்பத்திரண்டு. அவள் நோட்டை அவர் முன் வைத்தாள்.

"பாய்லர் ரூம்ல தப்பா எழுதிட்டா என்ன பண்ணுவீங்க?"

"அழிக்கக் கூடாது. மேல ஒரு கோடு போட்டு, பக்கத்துல கையெழுத்துப் போடணும்."

பேனாவைக் கொடுத்தாள். புதனை அடித்தார், கையெழுத்துப் போட்டார். வியாழன், வெள்ளி, சனி. ஞாயிற்றுக்கிழமைக்கு வந்ததும் அவள் அந்த எண்மேல் விரலை வைத்தாள்.

"சனிக்கிழமை நீங்க போயிருந்தாலும், ஞாயித்துக்கிழமை அவ கேக்குறப்ப இங்க நூத்தி முப்பத்திநாலுன்னுதான் இருந்திருக்கும்" என்றாள்.

அவள் விரலை எடுக்கும்வரை காத்திருந்து, பாய்லர்காரர் அதையும் அடித்தார்.