சீனித்தங்கம் செத்த கதைகள்

செத்தவங்கட குழியத் தேடுற தொழில்ல செத்தவங்களால ஒரு கரைச்சலும் இல்ல. உயிரோட இருக்கிற சொந்தக்காரங்கதான் உசிர எடுப்பாங்க. வெளிநாட்டில இருந்து போன் வரும், "எங்கட பூட்டன எங்க தாட்டதெண்டு பாத்துச் சொல்லுங்க" எண்டு. மட்டக்களப்புப் பக்கம், களுவாஞ்சிக்குடியில இருந்து வெளிக்கிட்டு நான் வீடு வீடா ஏறி இறங்குவன். சொந்தக் குடும்பத்துக்காக இதே வேலையில இறங்கித் தலையப் பிச்சுக்கொண்டிருக்கிறவங்களே, வாங்க, சேந்து திட்டுவம்.

மூண்டு சாவு

சுவிசில இருக்கிற யோகாவுக்கு அவட பூட்டிட குழி வேணும். பூட்டிக்குப் பேர் சீனித்தங்கம், ஊர் குருக்கள்மடம். "அந்தக் குழியில ஒரு விளக்கு வைக்கக் குடுத்துவைக்கல்லையே" எண்டு யோகாட அம்மா சாகுமட்டும் அழுதவவாம். அந்த விளக்கத் தான் வைக்கோணுமெண்டு யோகா ஒத்தக்கால்ல நிண்டா.

குருக்கள்மடத்துச் சொந்தக்காரங்கள்ல முதல் வீட்டில கேட்டன், வாந்திபேதியில போனவவாம். அடுத்த வீட்டில பாம்பு கடிச்சதாம். மூண்டாவது வீட்டில புள்ளப்பேறாம். ஒரு மனுசி எத்தின தரம் சாவா? எனக்குப் பத்திக்கொண்டு வந்திச்சு. ஒண்டுக்கொண்டு ஒத்துவரல்லையே எண்டு கேட்டதுக்கு, அந்த மூண்டாம் வீட்டுக்காரி கொட்டாவி விட்டுக்கொண்டு சொன்னா: "எப்பிடிச் செத்தா என்னகா, செத்தது உண்மதானே?"

இந்தா இவடம்

சீனித்தங்கத்தின்ட வீட்டில இப்ப இருக்கிறது மல்லிகா, யோகாட சின்னம்மாட மகள். எங்கட பக்கத்தில வீடு தாயிட்ட இருந்து மகளுக்குத்தானே போகும். மல்லிகா என்னக் கடற்கரை மயானத்துக்குக் கூட்டிப்போய், நடந்த நடையிலயே "இந்தா, இவடம்தான்" எண்டு கைய நீட்டினா. அந்த மணல்ல போன வருசம் தாட்டவரையே தேடித்தான் பிடிக்கோணும். பூட்டி காலத்துக் குழிய இவ கண்ணமூடிக்கொண்டு காட்டுறா! என்ன மடச்சியெண்டு நினைச்சாவோ தெரியல்ல.

"இங்க நீங்க விளக்கு வைக்கிறல்லையா?" எண்டு கேட்டன். "அந்தக் குழிக்கு மட்டும் வைக்கப்படாதெண்டு அம்மம்மா சொல்லிவைச்சவ." அந்த அம்மம்மா ஆரெண்டா, சீனித்தங்கம் பெத்த ஒரே மகள். அவட வாயால அப்பிடி ஒரு சொல்லா! ஏனெண்டு கேட்டன். மல்லிகா மணலத் தட்டிவிட்டுக்கொண்டு சொன்னா: "பெரியாக்கள் சொன்னா நாங்க ஏனெண்டு கேக்கிறல்ல."

மண்டூரில வாங்கின ஏச்சு

மண்டூரில சின்னத்தம்பி எண்டு ஒரு கிழவர், சீனித்தங்கத்தின்ட தங்கச்சி மகன். போன நேரமெல்லாம் கதவச் சாத்தினார். கடைசியா நானும் வாசல்ல நிண்டு கத்தினன்: "உங்கட பெரியம்மாட குழிய மறைக்க உங்களுக்கு வெக்கமில்லையா?"

மனுசன் வெடிச்சார். அவவுக்குப் பெருவியாதியாம், குட்டம். மகளுக்கு நல்ல இடத்தில சம்பந்தம் வந்த நேரமாம். மாப்பிள்ள வந்து இருக்கப்போறதும் அதே வீடு. தாய்க்கு அந்த வியாதியெண்டு தெரிஞ்சா ஆர் படியேறுவான்? விடியக்கருக்கல்ல தோணியில ஏத்தி, வாவிக்குள்ள இருக்கிற தீவு ஆசுப்பத்திரிக்கு அனுப்பிப்போட்டு, பொணத்துக்குப் பதிலா ஒரு வாழைமரக் குத்திய வெள்ளையால சுத்திப் பாடையில கொண்டுபோய் மணல்ல தாட்டிருக்காங்க. ஒப்பாரியும் வைச்சு, முப்பத்தொராம் நாள் ஊருக்குச் சோறு போட்டு முப்பத்தொண்டும் குடுத்திருக்காங்க. அவ தீவில பிறகும் கனகாலம் உயிரோட இருந்தவவாம்.

பாவியள்! ஒருத்தரும் போய்ப் பாக்கல்லையா எண்டு கேட்டன். கிழவர் என்னத்தான் முறைச்சார்: "முப்பத்தொண்டுச் சோறு திண்ட வாயோட எப்பிடிப் புள்ள போய்ப் பாக்கிற?"

தீவில

யோகா வந்து இறங்கினா. மல்லிகாட்டயும் எல்லாத்தையும் சொல்லி, தோணிக்கு வரச் சொன்னம். அவ வரல்ல. தீவில அந்தக் காலத்துக் குழிகளுக்குப் பேருமில்ல, அடையாளமுமில்ல, செடி கொடி மண்டின பத்தைதான். "இதில எது?" எண்டு யோகா என்னப் பாத்தா. தெரியாதெண்டுதான் சொன்னன், பொய் சொல்ல வாய் வரல்ல. அவ கையாலயே கொஞ்சப் பத்தையப் பிடுங்கி எறிஞ்சிட்டு, வெறும் மண்ணில விளக்கக் கொளுத்தி வைச்சு, "அம்மா, வைச்சிட்டன்" எண்டு சொல்லி விக்கி விக்கி அழுதா.

அந்த நேரம் பாத்து என்ட போன் அடிச்சிச்சு, மல்லிகா. பூட்டியப் பத்தி ஒரு வார்த்த கேப்பாவெண்டு நம்பித்தான் எடுத்தன். "அக்கா, மகளுக்குச் சம்பந்தம் பேசி வந்திருக்காங்க, பூட்டி அந்த மணல்லயே கிடக்கட்டும், வெளிய ஒண்டும் பறைஞ்சிராதீங்க."

இனி ஆரும் ஒரு பொம்புளைட குழியத் தேடச் சொன்னா, அவ எப்பிடிச் செத்தவவெண்டு கேக்கமாட்டன், அந்த வீட்டில அப்ப ஆருக்குக் கலியாணம் பேசினதெண்டுதான் கேப்பன்.