கமீகரா ஆரு?

எங்கள் ஊரில் சொந்தக்காரன் இல்லாத பெயர் கிடையாது. கதை எழுத உட்கார்ந்த பிறகுதான் எனக்கு இது விளங்கியது.

கொழும்பிலிருந்து வரும் வாரப் பத்திரிகையில் ஒரே ஒரு தடவை என் கதை வரவேண்டும், அதன் கீழே என் பெயர் அச்சில் இருக்கவேண்டும். சாய்ந்தமருதில் கல்யாணம் முடித்து வீட்டோடு இருந்த எனக்கு வேறு ஆசை எதுவும் இல்லை. முதலில் கடற்கரைக் கதை ஒன்று எழுதினேன். அதில் வருகிறவனுக்கு அலியார் என்று பெயர் வைத்தேன். மச்சான் என்று நான் கூப்பிடும் என் கணவரின் தங்கை, என் மதினி, அதை எடுத்துத் தன் உம்மாவுக்கு உரக்க வாசித்துக் காட்டினாள். மாமி முதல் வரியிலேயே நிறுத்தினார்.

"எந்த அலியாரு? கரவலக்கார அலியாரா, அரிசிக்கட அலியாரா?"

"ஒருத்தரும் இல்ல மாமி. இது சும்மா கதை."

"சும்மா ஒரு ஆம்புளட பேரு பொம்புளட வாயில வருமா?"

சரி, பெயரை மாற்றினேன். மாற்றியது ஒரு நபியின் பெயராகப் போய்விட்டது. கதையில் அவன் கள்ளன். மாமி தலையில் கைவைத்து, "தௌபாச் செய்யடி!" என்று பாவமன்னிப்புக் கேட்கச் சொல்லிக் கத்தினார். பிறகு ஒரு தமிழ்ப் பெயரைப் போட்டேன். பக்கத்து ஊரான காரைதீவில் தமிழர்கள்தான். "காரைதீவுப் பெடியன எங்க கண்ட நீ?" என்று கேட்டாள் மதினி. இவர்கள் நாசமாய்ப் போக! ஒரு ஆண் பிள்ளையை நான் எந்தப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவது? வாத்தியாரான மச்சானும் எழுதுவார். பள்ளிக்கூட விழாவுக்கு நாடகம் எழுதி, பத்துப் பெண்களின் பெயரை அதில் போட்டார். எந்தப் பாத்தும்மா, எந்த ஆசியா என்று அவரை ஒரு நாய்கூடக் கேட்கவில்லை.

ரஷ்யாக்காரன் ஆகாயத்தில் ஒரு உருண்டையைச் சுற்றவிட்ட காலம் அது. மச்சான் பள்ளிக்கூடத்தால் வந்தால் அதே கதைதான். இனிச் சந்திரனுக்குப் போவார்கள், செவ்வாய்க்குப் போவார்கள் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்லுவார். நான் மீன் கழுவிக்கொண்டே கேட்பேன். அப்போதுதான் எனக்குப் பட்டது: செவ்வாய்க்குப் போய்விட்டால் என்ன? அங்கே எனக்கு மாமி ஏது? விஞ்ஞானத்தின்மேல் ஆசைப்பட்டு நான் செவ்வாய்க்குப் போகவில்லை. பெயருக்காகப் போனேன்.

அதுவும் லேசான காரியமாக இருக்கவில்லை. கடலைத் திருப்பிப்போட்டு 'லடக' என்று வைத்துப் பார்த்தேன், மணலைத் திருப்பிப்போட்டு 'லணம' என்று வைத்தேன். "ஓங்காளிச்சிச் சத்தி எடுக்கிற மாதிரி இரிக்கி ராத்தா" என்று என் தங்கச்சி விழுந்து விழுந்து சிரித்தாள். பெயர் என்றால் தூரத்தில் நின்று கூப்பிடக்கூடியதாக இருக்கவேண்டும், கோபத்தில் ஏசவும் வரவேண்டும். நாள் கணக்காக முணுமுணுத்துத் திரிந்தேன். ஒரு நாள் மா இடித்துக்கொண்டிருந்தபோது தானாக வந்து விழுந்தது: கமீகரா. அடடா! உலக்கையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் எழுதினேன். செவ்வாயில் பள்ளத்தில் விழுந்த ஒரு பூமிப் பெண்ணைக் கமீகரா கைபிடித்துத் தூக்கிவிடுகிறான். அவளுக்கு நான் பெயரே வைக்கவில்லை. பயம்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை அங்கே வந்து சேருவார். மாமி தன் மகளோடு அடுத்த ஒழுங்கையில் இருந்தார். கதை எழுதி முடித்த செய்தி எப்படிப் போனதோ, இரண்டு பேரும் வந்துவிட்டார்கள். மதினி வாசித்தாள். மாமிக்குப் பிடி கிடைக்கவில்லை. நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன்.

திடீரென்று மதினி துள்ளி எழுந்தாள். "உம்மா! 'க'வ எடுத்துப்போட்டுச் சொல்லிப் பாருங்க!"

சின்ன வயதில் பெரியவர்களுக்கு விளங்காமல் கதைப்பதற்கு ஒவ்வொரு எழுத்துக்கும் முன்னால் ஒரு 'க' சேர்ப்போம். ஊரில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கள்ளப் பாஷை. கமீ, மீ. கரா, ரா. மீரா.

யா அல்லாஹ்! சத்தியமாக நான் அதை நினைக்கவே இல்லை. ஒழுங்கை முனையில் தையல் மெஷின் போட்டிருந்த மனுசன் ஒருவருக்கு மீரா என்று பெயர்; எங்களில் அது ஆண் பெயர். அளவுச் சட்டையைத் தங்கச்சியிடம் கொடுத்தனுப்புவேனே தவிர, அவர் முகத்தைக்கூட நான் ஒழுங்காகப் பார்த்ததில்லை.

"செவ்வாயில போயா அவன்ட கையப் புடிக்கப் போறாய்?" என்று மாமி மாரில் அடித்துக்கொண்டார். மச்சானைப் பார்த்து, "இவள் எழுதுறத நிப்பாட்டு. இல்லாட்டி உடுப்ப எடுத்துக்கிட்டு எங்கட ஊட்டுக்கு வா" என்றார். என்னை விட்டுவிட்டு வா என்பதுதான் அதற்கு அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வளவும் வீடும் என் பெயரில் எழுதியிருந்தது. அது யாருக்கும் குற்றமாகப் படவில்லை. கடதாசியில் ஒரு கதைக்குக் கீழே வந்தால் மட்டும் அந்தப் பெயர் மானக்கேடு!

மாமி போனபிறகு மச்சான் மெதுவாகச் சொன்னார். "என்ட பேர்ல அனுப்புவம். அப்ப ஆரும் ஒண்டும் கேக்க மாட்டாங்க."

"வேணாம். அவன்ட பேர மாத்திறன். கதை என்ட பேர்லதான் போகணும்."

"அந்தப் பேரு நல்லாரிக்கி புள்ள. அத மாத்தாதீங்க."

நான் வேண்டாம் என்றேன். மூன்று தரம் சொன்னேன். அவர் தன் பெயரிலேயே அனுப்பிவிட்டார்.

கதை வந்தது. ஒரு எழுத்து மாறவில்லை. கமீகரா அப்படியே இருந்தான், கையைப் பிடித்தான், தூக்கிவிட்டான். யாரும் 'க'வை எடுத்துப் பார்க்கவில்லை. தையல்காரர் மீராவே அதைக் கடையில் வந்தவர்களுக்கு உரக்க வாசித்துக் காட்டினாராம். மாமி பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனார். "என்ட மகன்ட மூளயப் பாருங்க!"

மச்சானோடு படிப்பிக்கிற இரண்டு பேர் கல்முனையிலிருந்து பாராட்ட வந்தார்கள். நான் கதவுக்குப் பின்னால் தேயிலை ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"எங்கால மாஸ்டர் இந்தப் பேரெல்லாம் புடிக்கிறீங்க?"

"யோசிச்சன். வந்திச்சி" என்றார் மச்சான்.

யோசித்தாராம்! முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, அந்நிய ஆண்களுக்கு முன்னால் வராத நான், தேயிலைத் தட்டோடு வெளியே போனேன். "அந்தப் பேர வச்சது நான். கதையும் என்ட" என்றேன்.

வந்தவர்களில் ஒருவர் தொடையில் தட்டினார். "மாஸ்டர், ஒங்கட பொஞ்சாதிக்கும் நல்லாப் பகிடி வருது!" எல்லோரும் சிரித்தார்கள். மச்சானும் சிரித்தார்.

மச்சான் மவுத்தானபோது, மய்யித்தை அடக்கம் செய்ய எடுக்கமுன், அவர் செய்த குற்றம் குறைகளைப் பொறுத்துக்கொள்ளும்படி என்னிடம் கேட்டார்கள். எல்லாவற்றையும் பொறுத்தேன் என்று சொன்னேன். அது பொய். அந்தச் சிரிப்பை நான் பொறுக்கவில்லை.