குனியாமல் தொழுதவர்கள்

இதைப் படித்துவிட்டு, ‘சித்திரை வெயிலில் மயங்கி எதையோ கண்டிருப்பாள்’ என்று முடித்துவிடாதீர்கள். நான் மயங்கவில்லை. மடியில் கடிகாரம் இருந்தது. மணி பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். நான்காம் வகுப்புவரை படித்தவள். நடந்ததை நடந்தபடி எழுதத் தெரியும்.

1934, சித்திரை மாதம். பேரையூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மூத்த பையனுக்கு ஐந்து வயது. ஆறு நாளாகக் காய்ச்சல். உள்ளூர் வைத்தியர் கையை விரித்துவிட்டார். மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் பிழைக்கலாம் என்று சொல்லி, மணிக்கு ஒரு தடவை கொடுக்க மருந்துப் புட்டி ஒன்று தந்தார். அதற்காகத்தான் கடிகாரம். மதுரையில் மில் வேலையில் இருந்த என் வீட்டுக்காரர் வீட்டில் வைத்துவிட்டுப் போனது அது.

சின்னவனுக்கு இரண்டு வயது. என் அப்பா பேரைத்தான் அவனுக்கு வைத்திருந்தோம், நல்லகாமன் என்று. பஸ் வர மத்தியானம் ஆகும் என்று, அவனை நாத்தனார் அழகம்மாளிடம் விட்டுவிட்டு, விடியுமுன் மாட்டு வண்டியில் புறப்பட்டோம். வண்டி ஓட்டியது கொழுந்தன் கருத்தக்கண்ணன்.

மூத்தவனுக்கு என் மாமனார் பேர். மருமகள் வாயால் அந்தப் பேரைச் சொல்லக்கூடாது. பெற்ற பிள்ளையாக இருந்தாலும் ‘பெரியவனே’ என்றுதான் கூப்பிட்டேன். இப்போதும் எழுதமாட்டேன். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

பாதி வழியில் சக்கரம் ஆடியது. கடையாணியைக் காணோம். வழியில் எங்கோ விழுந்திருக்கிறது.

“மதினி, நீங்க மரத்தடியிலயே இருங்க. தேடி எடுத்துட்டு வாரேன்” என்று கருத்தக்கண்ணன் வந்த வழியே ஓடினான்.

மணி 12.05. பையனுக்கு மருந்து ஊற்றினேன். உள்ளே இறங்கவில்லை. கடைவாயில் வழிந்தது. கண் மேலே சொருகியது. உடம்பு அடுப்புச் சட்டி மாதிரி கொதித்தது. சுற்றிலும் கரிசல் காடு. ஒரு ஆள் இல்லை. கத்தினேன். யாரிடம் கத்தினேன் என்று எனக்கே தெரியாது.

மணி 12.25. பாங்கு சத்தம் கேட்டது.

சாலைக்குக் கிழக்கே ஒரு பழைய கல் பள்ளிவாசல். சுல்தான் காலத்துக் கட்டடம் என்பார்கள். கோயில் மண்டபம் போலக் கல்தூண்கள், மேலே உருண்டையாக ஒரு கும்மட்டம். மதுரைப் பழங்காநத்தத்தில் வீட்டுக்காரரோடு இரண்டு வருஷம் குடியிருந்தபோது, அந்தி நேரத்தில் பள்ளிவாசல் வாசலில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறேன். தொழுதுவிட்டு வருகிறவர்கள் ஓதி, பிள்ளை முகத்தில் ஊதுவார்கள். சாமி எதுவானால் என்ன? பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன்.

வாசலில் ஒரு செருப்புகூட இல்லை. கை கால் கழுவும் தொட்டியில் எருக்கஞ்செடி முளைத்திருந்தது. எனக்கு அதையெல்லாம் யோசிக்க நேரம் ஏது?

உள்ளே நாற்பது ஐம்பது பேர் மூன்று வரிசையாக நின்றார்கள். எல்லோர் மேலும் வெள்ளைத் துணி. கற்பூர வாசம். கோயில் வாசம் போல இருக்கிறதே என்று மனசு கொஞ்சம் ஆறியது.

உச்சி வெயில். ஆனால் உள்ளே கல் தரை… ஜில்லென்று இருந்தது.

“அய்யா, பிள்ளைய ஒரு ஊது ஊதுங்கய்யா” என்று அழுதேன்.

ஒரு பெரியவர் மட்டும் திரும்பினார். மேலே சுற்றியிருந்த துணியில் தையலே இல்லை.

“எங்ககிட்ட ஏதும்மா மூச்சு?” என்றார்.

வயதானவர், இளைப்பு போல என்று நினைத்தேன்.

“தொழுறோம். பேரு என்ன?”

“பெரியவன்ங்கய்யா.”

“பேரு.”

என் பிள்ளை செத்துக்கொண்டிருக்கிறான், நான் மாமனாருக்கு மரியாதை பார்த்துக்கொண்டு நிற்கிறேன். ஏதாவது ஒரு பேர், கடவுளுக்குத் தெரியாதா என்று… வாயில் பழகின பேரைச் சொன்னேன்.

“நல்லகாமன்.”

பையனை வாங்கி, வரிசைக்கு முன்னால் ஒரு கல்லில் கிடத்தினார். மணி 12.35.

“அல்லாஹு அக்பர்.”

ஒரே குரல். யாரும் குனியவில்லை.

மறுபடி. யாரும் குனியவில்லை.

மூன்றாம் தடவை…

நான்காம் தடவை…

ஒருவரும் குனியவில்லை. மண்டியிடவில்லை. ஒரு இருமல் இல்லை.

தலையை வலப்பக்கம் திருப்பினார்கள். பிறகு இடப்பக்கம். பெரியவர் பிள்ளையை என் கையில் கொடுத்தார்.

மணி 12.40.

பையனுக்கு வேர்த்திருந்தது. உடம்பு குளிர்ந்திருந்தது. கண்ணைத் திறந்தான்.

“ஆத்தா… தண்ணி.”

நான் அழுத அழுகையில் யார் எப்போது போனார்கள் என்று தெரியாது. தலை நிமிர்ந்தபோது உள்ளே யாருமில்லை.

கடையாணியோடு வந்த கருத்தக்கண்ணன் அண்ணன் மகனைத் தொட்டுப் பார்த்தான். “காய்ச்சலே இல்லையே மதினி!” என்று குதித்தான். வண்டியை ஊருக்கே திருப்பினோம். வழியெல்லாம் பையன் பேசிக்கொண்டே வந்தான். அன்று இந்த உலகத்தில் என்னைவிடச் சந்தோஷமான பொம்பளை கிடையாது.

இரவு ஏழு மணிக்கு ஊர் எல்லை. ஒப்பாரி கேட்டது.

எங்கள் வீட்டில்தான்.

அழகம்மாள் ஓடிவந்து காலில் விழுந்தாள். “நான் ஒண்ணும் செய்யல மதினி… விளாண்டுக்கிட்டே இருந்தான். பேரையூர் பஸ்ஸு போகவும் கையைக் காட்டினான். அப்படியே உக்காந்தான்… அம்புட்டுத்தான்.”

பேரையூர் பஸ் எங்கள் ஊரைத் தாண்டுகிற நேரம் எல்லோருக்கும் தெரியும்.

12.40.

பூச்சி கடிக்கவில்லை. காய்ச்சல் இல்லை. என் நல்லகாமன் தூங்குகிற மாதிரி கிடந்தான். நெஞ்சில் அடித்துக்கொண்டேனே தவிர, அப்போதும் எனக்கு ஒன்றும் புரியவில்லை.

ஒரு மாதம் கழித்து சேலை விற்கிற சாயபு ஒருவர் வந்தார். மூத்தவன் பிழைத்ததைச் சொன்னேன். கேட்கக் கேட்க அவர் முகம் வெளுத்தது.

“அந்தப் பள்ளியிலயா? அங்க தொழுகை நின்னு அறுவது வருசமாச்சும்மா. காலராவுல அந்த ஊர் ஜமாத்து மொத்தமும் போயிருச்சு. தொழுகை வைக்கக்கூட ஆளில்லாம அடக்கம் பண்ணாங்க.”

விரித்திருந்த சேலைகளை அவர் மடிக்க ஆரம்பித்தார்.

“குனியாம, நின்னபடியே நாலு தடவை சொன்னாங்கன்னா… அது மய்யித்துத் தொழுகைம்மா. செத்தவுகளுக்குத் தொழுறது.”

சேலை மூட்டையைக் கட்டியபடியே கேட்டார்.

“யாரு பேரைச் சொன்னீக?”

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

பன்னிரண்டு வருஷமாகிறது. மாமனார் பேரைச் சொல்லியிருந்தால் மூத்தவன் போயிருப்பான். வாயைத் திறக்காமல் திரும்பியிருந்தால் காய்ச்சலில் போயிருப்பான். அப்படியானால் எந்தப் பிள்ளை வேண்டும் என்றுதான் பள்ளிவாசல் பெரியவர் என்னிடம் கேட்டாரா… நான்தான் பதில் சொன்னேனா…