பம்பு ஒழுகிய நாட்கள்

கொச்சி மட்டாஞ்சேரியில் நான் வேலை பார்க்கும் தங்கும் விடுதியின் பின்புறம் ஒரு சின்ன நீச்சல் குளம் உண்டு. தென்காசியிலிருந்து பிழைக்க வந்த எனக்கு முதலில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலைதான். குளத்தைக் கவனித்தவர் வேலையை விட்டுப் போனதும் அதுவும் என் பொறுப்பாயிற்று. எனக்கு நீச்சல்கூடத் தெரியாது.

அப்போது கோயம்புத்தூரிலிருந்து ஒரு அம்மா, பக்கவாதம் வந்த தன் கணவரை எண்ணெய்ச் சிகிச்சைக்காக அழைத்துவந்து எங்கள் விடுதியில் தங்கியிருந்தார். பக்கத்தில்தான் வைத்தியசாலை. தண்ணீருக்குள் நடந்து பழகலாம் என்று வைத்தியர் சொல்லியிருந்ததால் தினமும் காலையில் குளத்துக்கு வருவார்கள். நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவரை இறக்குவோம். தரையில் ஓர் அடி வைக்க முடியாதவர், இடுப்பளவு நீரில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குளத்தின் அந்தக் கரைவரை நடப்பார். அவருக்குப் பேச்சு சரியாக வராது. கரை சேர்ந்ததும் மனைவியைத் திரும்பிப் பார்ப்பார். அவ்வளவுதான்.

ஒருநாள், குளத்து நீரைச் சுழற்றி வடிகட்டும் பம்பு இருக்கும் அறையின் தரையில் தண்ணீர் தேங்கியிருந்தது. எங்கிருந்து கசிகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. முன்பக்க மூடியாகத்தான் இருக்கும் என்று அதன் ரப்பர் வளையத்தை மாற்றி, கிரீஸ் தடவி, இறுக்கினேன். நிற்கவில்லை. இன்னும் இறுக்கினேன். அப்போதும் ஒழுகியது.

மெக்கானிக் சேட்டனை வரவழைத்தேன். இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர். பம்பு முழுவதையும் துணியால் துடைத்துவிட்டு, அடியில் காகிதம் விரித்து மோட்டாரைப் போட்டார். மோட்டாரும் பம்பும் சேரும் இடத்துக்குக் கீழேதான் காகிதம் முதலில் நனைந்தது.

"மூடியில ஒரு குழப்பமும் இல்ல சேச்சி. உள்ள சீல் போயி," என்றார். "இப்படியே ஓட்டினா தண்ணி மோட்டாருக்குள்ள கேறும். ஓட்டண்டாம்."

சுழலும் அச்சைச் சுற்றி நீரை மறித்து நிற்கும் சிறு வளையம்தான் அந்த சீல். பழையதைக் கழற்றி எடுத்துக்கொண்டு எர்ணாகுளம் போய், பிராட்வே கடைத்தெருவில் கடை கடையாக ஏறினேன். பழைய மாடல், இல்லை என்றார்கள். கடைசியில் ஒரு கடையில் அதே அளவில் கிடைத்தது. சேட்டன் கைபடாமல் சுத்தமான துணியில் பிடித்துப் பொருத்தினார். சொட்டு நின்றது. அன்று மாலை அந்த அம்மாவிடம், "காலையில இறங்கலாம்மா," என்று சொல்லிவிட்டேன்.

விடிந்து பார்த்தால் தரை மறுபடியும் நனைந்திருந்தது. சேட்டன் திரும்பவும் பிரித்து, அச்சின் மேல் நகத்தை ஓட்டிக் காட்டினார். சுற்றிலும் மெல்லிய பள்ளம் விழுந்திருந்தது.

"ஷாஃப்டே தேஞ்சு போச்சு. எந்த சீல் இட்டாலும் நிக்காது. புதுப் பம்பு வேணும்."

துபாயிலிருந்த முதலாளிக்கு போன் செய்தேன். "ஆர்டர் பண்ணிடறேன். அதுவரை குளத்தைப் பூட்டு," என்றார்.

அந்த அம்மாவின் கணவர் இறங்கி நடக்கட்டும் என்று நான் பூட்டவில்லை. குளோரின் கரைத்து ஊற்றினேன், வலையால் இலைகளை அள்ளினேன், நீண்ட பிரஷ்ஷால் தண்ணீரைக் கலக்கிவிட்டேன். ஓடாத தண்ணீர் முதலில் மங்கியது, பிறகு பச்சையாகத் தொடங்கியது. படியின் கீழ்வரிசை கண்ணுக்குத் தெரியாமல் போன அன்று நானே கயிறு கட்டி வழியை மறித்தேன்.

அந்த அம்மா அப்போதும் கணவரைச் சக்கர நாற்காலியில் குளக்கரைக்கு அழைத்துவந்தார்.

"ரூம்ல இருக்கமாட்டேங்கறாருங்க. இங்கதான் கையைக் காட்டறாரு," என்றார்.

அவர் தண்ணீரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, வாயைக் கோணி, முயன்று ஒரு சொல்லை வெளியே கொண்டுவந்தார்.

"எப்ப?"

"தெரியலை சார். பம்பு வரணும்."

அவர் தலையசைத்தார். மறுநாளும் அதையே கேட்டார். அதன் பிறகு, அவர்கள் வரும் நேரத்தில் மாடி அறைகளில் வேலை வைத்துக்கொண்டேன். ஜன்னல் வழியே பார்த்தால் நாற்காலி தெரியும். எனக்கு அழுகை வந்தது. போய் நின்று என்ன சொல்வது?

சிகிச்சை முடிந்து அவர்கள் ஊருக்குக் கிளம்பினார்கள். காரில் ஏற்றும்போது அவர் என் கையை அழுத்தினார். அதில் பலம் இல்லை.

புதுப் பம்பு அதற்கும் பிறகுதான் வந்தது. இரண்டு நாள் ஓடியதும் குளத்தின் அடித்தரை தெரிந்தது. நான் அந்த அம்மாவை போனில் கூப்பிட்டேன்.

"தண்ணி நல்லா ஆயிருச்சும்மா. சார் எப்படி இருக்காங்க?"

"இருக்காருங்க. எக்சர்சைஸ் பண்ணச் சொன்னா முகத்தைத் திருப்பிக்கறாரு. இங்க ஒரு இடத்துல குளம் இருக்குது, ஆனா செங்குத்தா ஏணி. எறக்க முடியலைங்க."

"பம்பு வந்துருச்சுன்னு சார்கிட்ட சொல்லுங்கம்மா."

அவர் போனை அப்பால் வைத்துவிட்டுப் பேசுவது மெல்லக் கேட்டது.

"சொன்னேனுங்க," என்றார் திரும்பி வந்து. "அடுத்த வருசம் பார்க்கலாங்க."

சரி என்றேன். கீழே புதிதாக வந்த குடும்பம் துண்டு கேட்டுக் கூப்பிட்டது. எடுத்துக்கொண்டு இறங்கினேன்.