கச்சேரி ரோட்டில் இரண்டு மின்சாரம்

கச்சேரி ரோட்டில் டாக்டர் நடத்திவந்த மின்சார வைத்திய அறையில் ஒரு தேக்குப் பெட்டி இருந்தது. மூடியைத் திறந்தால் இடப்பக்கம் வரிசையாக பாட்டரிகள். வலப்பக்கம் 'காயில்' என்கிற செம்புக் கம்பிச் சுருள். நடுவில் ஒரு பித்தளைப் பிடி. அதை இந்தப் பக்கம் தள்ளினால் பாட்டரியின் மின்சாரம் சத்தமில்லாமல் நேரே வரும். அந்தப் பக்கம் தள்ளினால் காயில் வழியாக, வண்டு போல ரீங்காரமிட்டுக்கொண்டு வரும். முதலாவது டி.சி., ஒரே திசையில் ஓடுவது. இரண்டாவது ஏ.சி.யின் குணம் கொண்டது, நொடிக்குப் பல தடவை முன்னும் பின்னுமாகத் திசை மாறுவது. அந்த நாளில் ஊரிலேயே சில தெருக்களில் ஏ.சி., சில தெருக்களில் டி.சி. என்று இருந்தது. விளக்குக்கு அந்த வித்தியாசம் தெரியாது, எது வந்தாலும் எரியும். மனிதச் சதைக்குத் தெரியும் என்பதை அந்த அறையில்தான் கற்றுக்கொண்டேன்.

எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. கணவர் போய் ஐந்து வருஷமாகியிருந்தது. தியாகராய நகரில் அண்ணா புதிதாகக் கட்டிய வீட்டில் இருந்துகொண்டு, நர்ஸ் படிப்பை முடித்து அங்கே வேலைக்குச் சேர்ந்திருந்தேன். நான் வேலைக்குப் போவதில் அண்ணாவுக்கு அரை மனது, மன்னிக்குக் கால் மனது. வெளியில் சொல்லமாட்டார்கள். காலையில் நான் புறப்படும் நேரத்தில் யாராவது நல்ல காரியமாக வெளியே போக வேண்டியிருந்தால் மட்டும், "நீ சித்தெ நாழி கழிச்சுக் கெளம்பேன்" என்பாள் மன்னி. நானும் உள்ளே போய் உட்கார்ந்துகொள்வேன்.

மீன்காரம்மா வந்தது ஒரு பிற்பகல். காலிக் கூடையை வாசலிலேயே வைத்துவிட்டு, புடவைத் தலைப்பால் முகத்தின் பாதியை மூடிக்கொண்டு உள்ளே வந்தாள். நாற்பது வயதிருக்கும். சாந்தோம் கடற்கரைக் குப்பத்தில் வீடு. புருஷன் கட்டுமரத்தில் போகிறவன். தலைப்பை எடுத்தபோது பார்த்தேன். இடப்பக்க முகம் மொத்தமும் தொங்கிவிட்டிருந்தது. இடக்கண்ணை மூட முடியவில்லை. வாய் வலப்பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது.

"காலீல எய்ந்து வாய் கொப்பிளிச்சேன் நர்சம்மா. தண்ணி ஒரு பக்கமா ஒயுகுது. இன்னாடா இதுன்னு கண்ணாடில பாத்தா வேற யாரோ நிக்கிறா. குப்பத்துல பேய் அறஞ்சிட்ச்சின்றாங்க. மாதா கோயில்ல மெயுகுவத்தி ஏத்திட்டேன். மூணு வாரம் ஆவுது. இந்த மூஞ்சி நேராவுமா ஆவாதா, அத்த மட்டும் சொல்லு."

உதடு கூடினால்தான் 'ப'வும் 'ம'வும் வரும். அவளுக்கு அந்த எழுத்துகள் காற்றாகப் பிதுங்கின. பாறை, மத்தி என்று கூவி விற்கிற வாய் அது. கூவ முடியாதது பாதிக் கஷ்டம்தான். காலையில் முதல் ஆளாக அவளைக் கூப்பிட்டு வாங்கிய வீடுகள் கதவைச் சாத்த ஆரம்பித்திருந்தன. விடிந்ததும் கோணல் முகத்தில் முழித்தால் அன்றைக்கு விளங்காது என்று ஒரு வீட்டில் நேராகவே சொல்லிவிட்டார்களாம்.

டாக்டர் அவளைப் பெட்டிக்கு முன்னால் உட்காரவைத்துச் சோதித்தார். முதலில் காயில் மின்சாரம். கம்பி முனையை வலக்கன்னத்தில் வைத்ததும் சதை வெடுக்கென்று துள்ளி இறுகியது. இடக்கன்னத்தில் வைத்தார், ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம் கூட்டினார். அவள் கண்ணில் நீர் வந்தது, சதை மட்டும் அசையவில்லை. பிறகு பிடியை மாற்றி நேர் மின்சாரத்தை விட்டு விட்டுக் கொடுத்தார். அப்போது அந்தச் செத்த கன்னத்துக்குள் என்னவோ மெல்ல நெளிந்தது, புழு ஊர்வதுபோல. டாக்டர் என்னிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார்.

"எனக்குப் புரியாத பாசைல சொன்னா நல்ல சேதி இல்ல" என்றாள் அவள்.

டாக்டர் சிரித்துவிட்டு, "நீங்களே சொல்லுங்க சிஸ்டர்" என்று என்னிடம் விட்டுவிட்டார். எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். காயிலிலிருந்து வரும் மின்சாரம் வேகவேகமாகத் திசை மாறுவது. நரம்பு உயிரோடு இருந்தால்தான் அதற்குச் சதை பதில் சொல்லும். நேரே ஓடும் மின்சாரத்துக்கு நரம்பின் தயவு வேண்டாம், அது சதையையே தொட்டு எழுப்பும். உன் நரம்பு பட்டுப்போயிருக்கிறது, சதை இன்னும் சாகவில்லை. நரம்பு திரும்பி வளரும்வரை சதையை வைத்துக் காப்பாற்ற வேண்டும். ஐந்து மாதமோ ஆறு மாதமோ ஆகலாம்.

"அது அலை, இது நீரோட்டம்" என்றாள். "அலை அட்ச்சா ஒடம்புக்குத் தெரியும். நீரோட்டம் இஸ்த்துக்கினு போறது தெரியாது. சரி, பண்ணு."

வாரத்துக்கு மூன்று நாள், கூடை காலியானதும் வந்துவிடுவாள். ஈயத் தகட்டின்மேல் துணியை நாலைந்து மடிப்பாகச் சுற்றி, உப்புத் தண்ணீரில் நனைத்து, கன்னத்தில் வைத்துக் கட்டுவேன். பதினைந்து நிமிஷம். அந்தப் பதினைந்து நிமிஷமும் அவள் பேசிக்கொண்டே இருப்பாள், என்னையும் பேசவைப்பாள். என் வீட்டு விஷயம் எதையும் நான் யாரிடமும் சொன்னதில்லை. அவளிடம் எப்படியோ சொல்லியிருந்தேன். மன்னி என்னை உள்ளே உட்காரச் சொல்வதைக் கேட்டுவிட்டு, "உன்ன பாத்தாலும் ஆவாது, என்ன பாத்தாலும் ஆவாது. நாம ரெண்டு பேரும் ஒர்த்தி மூஞ்சிய ஒர்த்தி பாத்துக்கினு இருப்போம், வா" என்றாள். கணவர் போனபிறகு என் நிலைமையைப் பற்றி நான் சிரித்தது அன்றுதான்.

இரண்டாவது மாதத்தில் அந்தத் தவறு நடந்தது. தகட்டின் ஒரு மூலையில் துணி நைந்துபோயிருந்ததை முந்தின தடவையே பார்த்திருந்தேன். அடுத்த முறை மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டேன். அடுத்த முறை மறந்தேன். அன்று என் மனது வேறெங்கோ இருந்தது. வேலையை விட்டுவிடும்படி அண்ணா காலையில் வாய்விட்டே சொல்லியிருந்தார். அதை அவளிடம் புலம்பிக்கொண்டே கட்டினேன். "இந்த வேலை போச்சுன்னா எனக்கு அந்த சமையலறையைத் தவிர வேற இடமில்லை" என்றேன். எப்போதும் பதிலுக்குப் பேசுகிறவள் அன்று பேசவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் கதைக்காக வருந்துகிறாள் என்று நினைத்தேன்.

தகட்டை எடுத்தபோது தாடை ஓரத்தில் புளியங்கொட்டை அளவுக்குச் சாம்பல் நிறத்தில் தோல் வெந்திருந்தது.

"எரியலையா?" என்றேன்.

"எரிஞ்சிது. எரிஞ்சா வேல செய்துன்னு நெனச்சேன்."

இரண்டு மின்சாரத்துக்கும் உள்ள வித்தியாசம் எனக்குப் பாடமாகத் தெரியும். காயில் மின்சாரம் தோலில் ஒரு திசையில் செய்வதை மறு திசையில் திரும்பும்போது தானே அழித்துவிடும். நேர் மின்சாரம் அப்படியல்ல. அது திரும்புவதே இல்லை. உலோகம் தோலைத் தொட்ட இடத்தில் உப்புத் தண்ணீரைச் சுண்ணாம்புபோல் அரிக்கும் காரமாக மாற்றிக்கொண்டே இருக்கும். காரம் சதையைத் தின்னும். துணி தடிமனாக இருக்கவேண்டும் என்பதே அதற்காகத்தான். இதையெல்லாம் பரீட்சையில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவள் நான்.

அடுத்த முறை டாக்டர் அவள் முகத்தைப் பார்க்கும்போது காயத்தைக் கவனித்துவிட்டார். "இது என்ன?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள், "வறுக்க சொல்ல எண்ணெ தெறிச்சிட்ச்சி டாக்டரு." டாக்டர் அவளைக் கடிந்துகொண்டார். வைத்தியம் நடக்கிற முகத்தை இப்படியா அஜாக்கிரதையாக வைத்துக்கொள்வது, உனக்காக இத்தனை பேர் பாடுபடுகிறோமே என்றார். என் தப்புக்காக அவள் தலையைக் குனிந்துகொண்டு, "இனிமே பாத்து செய்றேன்" என்றாள். நான் பக்கத்தில் துணியை நனைத்துக்கொண்டு நின்றேன். பேசவில்லை. அந்த மௌனத்தை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு கூசுகிறது.

மறுநாள் நோயாளிகள் வருமுன் டாக்டரிடம் போய், நைந்த துணியை மேஜைமேல் வைத்து, நடந்ததைச் சொன்னேன். அவர் துணியை விரித்து வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "நீங்க சொல்லலைன்னா இதே துணிதான் நாளைக்கு இன்னொருத்தர் முகத்துக்கும் போயிருக்கும்" என்றார். வேலையை விட்டு அனுப்பவில்லை. ஒரு மாதம் நேர் மின்சாரப் பக்கத்தை நான் தொடக்கூடாது, அவரே போடுவார் என்றார். அந்தத் தண்டனை நியாயமானது. அடுத்த தடவை அவள் வந்ததும், தான் கடிந்துகொண்டதற்காக அவளிடம் மன்னிப்புக் கேட்டார். ஒரு டாக்டர் மீன்காரியிடம் மன்னிப்புக் கேட்டதை அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

அவளுக்கு என்மேல்தான் கோபம். "மாதா மேல பாரத்த போட்டு ஒரு பொய் சொன்னேன். அத்தையும் ஒட்ச்சிட்டியே. பாவமன்னிப்பு கேட்டது கூட வீணா பூட்ச்சி" என்றாள். இரண்டு தடவை என்னோடு பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது தடவை டாக்டர் கட்டு போட்டுவிட்டு அந்தப் பக்கம் போனதும், "அவரு கை மரக்கட்டயாட்டம் கீது. சீக்கிரம் நீயே வா" என்றாள்.

ஐந்தாவது மாதத்தில் ஒரு நாள், வழக்கமான சோதனைக்காகக் காயில் பக்கம் பிடியைத் தள்ளினேன். ரீங்காரம் எழுந்தது. இடக்கன்னத்தில், மூக்கின் ஓரமாக, ஒரு சின்ன வெடுக்கு. கண் ஏமாற்றுகிறதோ என்று மறுபடி வைத்தேன். மறுபடி வெடுக்கு. டாக்டரைக் கூப்பிடப் போனவள் பாதி வழியில் நின்று அழுதுவிட்டேன். அவள் அழவில்லை. கண்ணாடியைக் கேட்டு வாங்கி, "இன்னொரு தபா போடு" என்றாள். எட்டுத் தடவை போடச் சொன்னாள்.

முகம் முழுக்கத் திரும்பவில்லை. முக்கால் பங்கு திரும்பியது. கண் மூடியது, உதடு கூடியது, சாத்திய கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. வளர்ந்த நரம்பு வழி தவறி வேறு சதைக்கும் போய்விட்டதால், சிரித்தால் இடக்கண் தானே மூடிக்கொள்ளும். ஒரு போலீஸ்காரர் தன்னைப் பார்த்துக் கண்ணடித்ததாக நினைத்து மார்க்கெட்டில் சண்டைக்கு வந்ததை அவளே வந்து சொன்னாள்.

நானும் வேலையை விடவில்லை. நாலைந்து வருஷம் கழித்து, டாக்டர் ஒரு வைத்தியப் பத்திரிகையைப் படித்துவிட்டு வருத்தத்தோடு என்னிடம் கொடுத்தார். இந்த மாதிரி முகவாதத்தில் நரம்பு தன்பாட்டுக்குத்தான் வளர்கிறது, மின்சாரம் கொடுப்பதால் அது சீக்கிரம் வருவதாகத் தெரியவில்லை என்று போட்டிருந்தது. பல நாள் அது என்னை அரித்தது. ஒரு தடவை உண்மையை மறைத்த பாரம் போதும் என்று, அவளைச் சாந்தோம் பக்கம் பார்த்தபோது நிறுத்திச் சொன்னேன். நாங்கள் பண்ணினது ஒன்றும் உன் முகத்தைச் சரிசெய்யவில்லை போலிருக்கிறது, அது தானாகவே வந்திருக்கும் என்றேன்.

கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள். தாடையில் அந்தத் தழும்பு வெளுத்துத் தெரிந்தது. விரலால் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"அப்போ இந்தச் சூடு ஒண்ணுதான் நீ குட்த்ததா?" என்றாள். இடக்கண் மூடிக்கொள்ளச் சிரித்தாள். "இருக்கட்டும். நீ குட்த்ததுன்னு ஒண்ணாவது இருக்கட்டும்." கூடையைத் தூக்கிவிடச் சொன்னாள். தூக்கிவிட்டேன்.